குளம் கேட்பது பிச்சையா?

ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும்வரை வடபுலத்தில் வானம் வஞ்சகமின்றிப் பொழிகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. தை பிறந்ததும் வானம் வெளுக்கின்றது. சோளகம் எழும் வேளையிற் கிணற்றின் அடித்தரை தெரிகின்றது. கரையோரக் கிராமங்களில் எஞ்சிய நீரும் உப்புக் கரிக்கத் தொடங்குகின்றது. மழை இல்லாத நாடு என்று நம் நாட்டை எவரும் கூறார். பெய்த மழையை ஏந்தி வைத்திருக்க மடி இல்லாத நாடு என்பதே உண்மை.

இந்நிலையில், தன் சொந்தக் காணியின் தாழ்ந்த மூலையில் ஒரு சிறு குளம் வெட்டி மாரி மழையைத் தேக்கிக்கொள்ள விரும்பும் கமக்காரன் ஒருவன், அதற்கு அரசாங்கத்தின் துணையை நாடினால் என்ன விடை கிடைக்கும்? “காணி உம்முடையது, குளமும் உம்முடையதாகவே இருக்கும், பொதுமக்களின் பணத்தை உம்முடைய வளவுக்குள் ஏன் புதைக்கவேண்டும்?” என்பதே எளிதில் வாயில் வரும் விடை. இக்கேள்வியை நாம் அலட்சியஞ் செய்ய விரும்பவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நல்ல அரசின் இலக்கணம். 2022 ஆம் ஆண்டில் நாட்டின் கருவூலம் வறண்டு, எரிபொருள் வரிசைகளில் மக்கள் இரவு பகலாக நின்ற கொடுமையைக் கண்ட எவரும், அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை இறைக்கவேண்டும் என்று கோரமாட்டார். நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடை உண்டா என்பதையே இங்கு ஆராய்கின்றோம்.

தனியார் காணியில் அரசாங்கம் பணம் செலவிடுவது இந்நாட்டுக்குப் புதிய வழக்கமா? 1953 ஆம் ஆண்டில் இறப்பர் மீள்நடுகை மானியத் திட்டம் சட்டமாக்கப்பட்டது. முதிர்ந்து பயனற்றுப்போன மரங்களைத் தறித்துப் புதியன நடுவதற்குத் தோட்டச் சொந்தக்காரருக்கும் சிறு காணிக்காரருக்கும் பணம் வழங்கப்பட்டது. அந்த இறப்பர் மரங்கள் யாருடைய காணியில் நின்றன? அரசாங்கக் காட்டிலா? அப்பணம் இறப்பர் ஏற்றுமதியின்மீது அறவிட்ட தீர்வையிலிருந்து வந்தது என்று சிலர் எடுத்துக்காட்டலாம். ஆம், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடுகின்றவன் மண்ணெண்ணெய்க்கும் பண்டங்களுக்கும் கொடுக்கும் விலையில் வரி அடங்கியிருக்கவில்லையா? அவன் செலுத்தும் வரி வழிப்போக்கன் போட்ட காசா? 1962 ஆம் ஆண்டு முதல் உரமானியம் வழங்கப்பட்டதும் தனியார் வயல்களுக்கே. 1980 களின் இறுதியில் வரண்ட வலயக் கமக்காரர் தம் காணிகளில் விவசாயக் கிணறு வெட்டுவதற்கும் அரசாங்கம் மானியம் அளித்தது. அத்திட்டம் தெற்கே பரவிய நாட்களில் வடபுலம் போரின் நெருப்பிற் கிடந்தது. அதன் பயனை முழுமையாக நுகரும் நிலையில் நம் மக்கள் இருக்கவில்லை. ஆகவே தனியார் காணியில் நீருக்கு வழிசெய்யப் பொதுப்பணத்தின் ஒரு பங்கைக் கேட்பது முன்மாதிரி இல்லாத வேண்டுகோள் அன்று. நெடுங்காலம் நிலுவையிற் கிடக்கும் ஒரு பங்கைக் கேட்பதாகவே அதைக் கொள்ளவேண்டும்.

முன்மாதிரி இருக்கின்றது என்பதனால் மட்டும் ஒரு கோரிக்கை நியாயமாகிவிடாது. குளத்தினால் ஊருக்கு என்ன பயன் என்பதே முக்கியமான வினா. யாழ்ப்பாணத்தின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு ஒன்றேனும் அங்கு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறே வலிகாமத்தின் ஆறு. மழைநீர் கற்பிளவுகளின் வழியே இறங்கி, நிலத்தடியிற் கடல்நீருக்கு மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியல் அறிஞர் கண்ட விதி. அதே கணக்கின்படி, மேலே 1 அடி நீரை நாம் இறைத்து ஒழித்துவிட்டால், கீழே உப்புநீர் 40 அடி ஏறிவர இடம் கொடுத்தவராகின்றோம். எனவே தன் காணியில் மழைநீரை நிறுத்தி மெல்ல இறங்கவிடும் கமக்காரன், அவன் அறிந்தோ அறியாமலோ, அயலவன் கிணற்றுக்கும் காவல் செய்கின்றான். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்ததே! ஒருவர் நிலத்தில் நிகழ்வது ஊரார் நீரில் முடிகின்றது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? தீங்கு வேலியைத் தாண்டிப் பரவுமாயின் நன்மையும் வேலியைத் தாண்டிப் பரவும்.

இனி, குளம் ஒன்றினால் விளையும் பயனை மிகைப்படுத்தாமற் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பரப்பு நிலத்தில், கரைகளைச் சரித்து 8 அடி ஆழத்துக்கு வெட்டினால் ஏறக்குறைய 4½ இலட்சம் லீற்றர் நீர் கொள்ளும். குளத்தின் முகத்தில் நேரே விழும் மழை ஆண்டுக்கு 3 இலட்சம் லீற்றரைச் சற்றுத் தாண்டும். எஞ்சியது சூழவுள்ள தறையிலிருந்து வழிந்து வரவேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் வரையில் ஆவியாகின்றது என்று கொண்டால், நான்கு மாதங்களில் மூன்றிலொரு பங்கு வெயிலுக்கு இரையாகிவிடும். மிஞ்சும் 3 இலட்சம் லீற்றர், நீர் கீழே கசியாத நிலமாயின், சுமார் இரண்டு பரப்புப் பயிரை மூன்று மாதங்களுக்குக் காப்பாற்றும். ஒரு பரப்பை இழந்து இரண்டு பரப்பைக் காப்பதா என்று கேட்கலாம். பத்துப் பரப்பு உடையவனுக்கு இது பொருந்தும். இரண்டு பரப்பு மட்டும் உடையவனுக்குப் பொருந்தாது. கிணறு கைவிடும் மாதத்தில் முற்றும் நிலையிலுள்ள பயிருக்குக் கிடைக்கும் இரண்டு தண்ணீர், விதைக்காசும் கூலிக்காசும் முழுவதும் மண்ணோடு போகாமற் காப்பதும் உண்டு. இத்தகைய கணக்கை ஒவ்வொரு காணிக்கும் தனித்தனியே போட்டுப் பார்த்த பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுக்கவேண்டும்.

இக்கணக்கிலிருந்தே உதவியின் அளவுகோலும் பிறக்கின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் களிப்பாங்கான மண்ணில் வெட்டப்படும் குளத்தின் நீர் பெரும்பாலும் வெட்டியவனுக்கே பயன்படும். அங்கே செலவில் அவன் பங்கு கூடியிருப்பது நீதி. வலிகாமத்துச் செம்மண்ணில் வெட்டப்படும் குளமோ நீரைத் தாங்கி நில்லாது. தரையின் கீழ் இறக்கி ஊர்க் கிணறுகளுக்குப் பகிர்ந்துவிடும். அங்கே அரசாங்கத்தின் பங்கு கூடியிருப்பதே நீதி. பயன் எந்த அளவுக்குப் பொதுவானதோ, செலவும் அந்த அளவுக்குப் பொதுவாகட்டும். “தனியார் காணி” என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் அடித்துத் தள்ளுவது நிருவாகத்துக்கு எளிதாக இருக்கலாம், அறிவுக்கு அழகன்று.

அரசாங்கம் நீருக்காகப் பணம் செலவிடத் தயங்குகின்றது என்றும் நாம் சொல்லவில்லை. 2024 ஓகஸ்ட் மாதத்தில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரும் அளவில் அது அமைக்கப்பட்டது. குடிநீருக்குத் தவித்த மக்களுக்கு அது வேண்டியதே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் மாரியிற் கடலுக்கு ஓடவிட்ட நன்னீரைக் கோடையில் மின்சாரம் செலவிட்டு அதே கடலிலிருந்து பிரித்தெடுக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா? 2008 ஆம் ஆண்டு நிஷா புயலின்போது குடாநாடு வெள்ளக்காடாயிற்று. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் வறட்சி வாட்டியது. 2018 டிசெம்பரிற் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கின. ஓராண்டு நீரால் அழிந்து மறு ஆண்டு நீரின்றி அழியும் ஒரு நாட்டிற்கு, பெரிய அணைகளோடு ஆயிரம் சிறு மடிகளும் வேண்டும்.

குளம் என்றாலே நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு பாடுவோர் பக்கத்திலும் நாம் இல்லை. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் 2016 ஆம் ஆண்டு, கேட்பவருக்கெல்லாம் பண்ணைக் குளம் அமைக்க 50,000 ரூபா வரையில் மானியம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மழைநீரைத் தேக்குவதே அதன் நோக்கம். ஆனால் வசதி படைத்த பலர் குளத்தின் அடியிற் பிளாத்திக்கு விரித்து, குழாய்க் கிணற்றிலிருந்து நீரை இறைத்துக் குளத்தை நிரப்பினர். அயலவனின் நிலத்தடி நீர் தன் குளத்திற் தங்கிற்று. அதிலும் ஒரு பங்கு வெயிலிற் பறந்தது. பொதுப்பணத்தாற் பொதுச்சொத்தைத் தனிச்சொத்தாக்கும் கருவியாகக் குளம் மாறிய கதை இது. குழாய்க் கிணறுகள் பெருகிவரும் நம் நாட்டில் இதே தவறு நிகழ அதிக நாள் செல்லாது.

வன்னியில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. அங்குள்ள சிறு குளங்கள் தனித்தனியே கிடப்பன அல்ல. மேற்குளத்தின் வான் பாய்ந்து கீழ்க்குளத்தை நிரப்பும் வகையில் முன்னோர் அவற்றைத் தொடுத்து வைத்தனர். மேட்டில் ஒருவன் தன் காணியில் வரவை மறித்துவிட்டால், கீழே நாற்பது குடும்பங்களின் வயலுக்கு நீர் போகாதிருக்கலாம். கரையோரத்தில் ஆழமாக வெட்டினால் உப்புநீரையே தோண்டி எடுத்ததாகும். முகமாலை போன்ற பகுதிகளிலோ, கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் மண்வெட்டி படவே கூடாது. இவற்றையெல்லாம் பாராது பணம் வழங்குவது உதவியாகாது. பணம் மறுப்பதைவிட அது கேடு விளைக்கும்.

இந்த ஆராய்ச்சியைச் செய்வதற்கென்றே அரசாங்கம் உத்தியோகத்தரை வைத்திருக்கின்றது. ஆனால் நடப்பது என்ன? ஒரு குழி வெட்ட நினைப்பவன் எத்தனை வாசல்களை மிதிக்கவேண்டியிருக்கின்றது! 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, வயற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மண்ணை அகழ்ந்து ஏற்றிச்செல்வது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. இவ்விரு சட்டங்களுக்கும் நல்ல காரணம் உண்டு. வயல்களை மூடி மாடி எழுப்புவோரையும், குளம் வெட்டுகின்றோம் என்று கூறி மணலைக் கொள்ளையிடுவோரையும் தடுக்கச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் மணற் கொள்ளையனுக்காகக் கட்டிய வேலியில் நேர்மையான கமக்காரனின் வேட்டி மட்டும் கிழிவது என்ன நியாயம்? கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், பிரதேச சபை என்று அலைந்து முடிவதற்குள் இன்னொரு மாரி கடலோடு கலந்துவிடும்.

இங்கு அரசியற் பொருளும் ஒன்று மறைந்து கிடக்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கமத்தொழிலையும் கமநல சேவைகளையும், சிறு நீர்ப்பாசன வேலைகளின் புனரமைப்பையும் மாகாணசபைப் பட்டியலிற் சேர்த்தது. 2013 ஆம் ஆண்டில் நம் மக்கள் வாக்களித்து அமைத்த வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன்பின் தேர்தல் நடாத்தப்படாமல் ஆண்டுகள் உருண்டன. ஆளுநரின் நிருவாகமே எஞ்சியது. பத்துப் பரப்புக் காணியின் மூலையில் வெட்டவேண்டிய குளத்துக்கு விதி வகுக்கும் இடம் கொழும்பு அன்று. எந்தக் குறிச்சியிற் கல், எந்தக் குறிச்சியிற் களி, எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போகின்றது என்பதை அறிந்தவர் இந்த மண்ணில் இருக்கின்றனர். சுயாட்சி என்று நாம் கூறும்போது அது மேடைச் சொல் என்று நகைப்போர், நீரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எங்கே இருக்கின்றது என்பதைப் பார்க்கட்டும்.

காணியைப் பற்றி நம் மக்கள் நெஞ்சில் உள்ள அச்சத்தையும் சொல்லாமல் விடமுடியாது. உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலியிடப்பட்ட நிலத்துக்காக வலிகாமம் வடக்கு மக்கள் பல பத்தாண்டுகள் அகதிகளாக வாழ்ந்தனர். அரசாங்கத்தின் பணம் காணிக்குள் நுழைந்தால், பின்னர் அரசாங்கத்தின் உரிமையும் நுழையுமோ என்று அவர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை. “உதவி பெற்றதனால் காணியின் உரித்தில் எவ்வித மாற்றமும் ஏற்படாது” என்ற வாசகம் உடன்படிக்கையின் முதல் வரியாக, தமிழில், அச்சிடப்பட்டிருக்கவேண்டும். எத்தனையோ சட்டங்களும் படிவங்களும் விளங்காத மொழியில் வந்து நம்மைத் துன்புறுத்திய வரலாறு போதும்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

முதலாவது: விண்ணப்பம் ஒன்று, வாசல் ஒன்று. கமநல சேவை நிலையம் விண்ணப்பத்தை ஏற்று, ஏனைய திணைக்களங்களின் கருத்தைத் தானே பெற்று, குறித்த நாளுக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்துடன் எழுத்தில் விடையளிக்கவேண்டும். சித்திரையில் விண்ணப்பித்தவன் ஆவணி முடிவதற்குள் வெட்டி முடிக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

இரண்டாவது: இடத்தைப் பாராமற் பணம் வழங்கலாகாது. மண், உப்பு, நீரோட்டம் மூன்றும் சோதிக்கப்படவேண்டும். குழாய்க் கிணற்று நீரால் நிரப்பப்படும் குளத்துக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது: வெட்டிய மண் அதே காணியின் கரைக்கும் வரம்புக்கும் பயன்படட்டும். மண்ணை விற்பவன் மானியத்தைத் திருப்பிச் செலுத்தட்டும். விற்பனையற்ற வேலைக்குச் சுரங்க அனுமதியின் சுமையைக் குறைத்துவிடட்டும்.

நான்காவது: பணத்தை ஒப்பந்தக்காரனிடம் மொத்தமாகக் கொடாது, அளந்த வேலைக்குத் தவணையாகக் கமக்காரனிடமே கொடுக்கவேண்டும். அவன் பங்கை உழைப்பாகச் செலுத்தவும் இடமிருக்கவேண்டும்.

ஐந்தாவது: பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் கமநல சேவை நிலையத்தின் சுவரில் ஒட்டப்படவேண்டும். பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் நீர்மட்டத்தை உயர்த்தாது. தேர்தற் காலத்திற் குளம் தருவதாகக் கூறுவோரிடம் வாக்கைக் கொடுத்துக் குழியை வாங்கும் இழிநிலை நமக்கு வேண்டாம். அவர்கள் எக்கட்சியினராயினும் சரியே.

ஆறாவது: வேலியும் படிக்கட்டும் இல்லாத குளத்துக்கு இறுதித் தவணை வழங்கக்கூடாது. பிள்ளைகளின் உயிர் பயிரிலும் பெரிது. நுளம்பு பெருகாதிருக்க மீன்குஞ்சு விடுவதும் உடன்படிக்கையிற் சேரட்டும்.

இவற்றோடு மற்றொன்றையும் வற்புறுத்துகின்றோம். புதிய குளத்துக்குப் பணம் கொடுத்தோம் என்று கூறிப் பழைய குளங்களைக் கைவிட இடமளிக்கலாகாது. தூர்ந்துபோன பொதுக்குளங்களும், குப்பை கொட்டி மேடாக்கப்பட்ட கேணிகளும், கடைகளும் வீடுகளும் ஏறிக்குந்திய அலைகரைகளும் நம் ஊர்களில் எத்தனை! தன் காணியிற் குளம் கேட்கும் நாம், பொதுக்குளத்தை விழுங்கியவன் நம்மவனாக இருக்கும்போது வாய்மூடி இருந்தால், நம் கோரிக்கைக்கு மதிப்பேது?

படித்த அன்பர்களுக்கும் இதிற் பங்குண்டு. ஒன்றுக்கு மேற்பட்டோர் உரித்துடைய, பிரிக்கப்படாத காணிகள் நம்மிடையே ஏராளம். பங்காளிகளில் ஒருவர் இலண்டனிலும் மற்றவர் ரொறன்ரோவிலும் இருக்கும்போது, ஊரில் இருந்து உழுபவன் யாரிடம் ஒப்பம் பெறுவான்? சட்டத்தரணிகள் இதற்கான எளிய சம்மதப் பத்திரம் ஒன்றை வகுத்துக் கொடுக்கலாம். “கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு” என்று உறுதியில் எழுதிவைத்து, அயலவரோடு முறைவைத்து இறைத்த மரபு நம்முடையது. அந்த மரபிற் குளத்துப் பங்கையும் எழுதிவைக்க முடியாதா? நான்கு சிறு காணிக்காரர் சேர்ந்து ஒரு குளம் வெட்டினால், இரண்டு பரப்புக்காரனுக்கும் வழி பிறக்கும். பொறியியலாளரும் நில அளவையாளரும் விடுமுறையில் ஒரு நாளைத் தம் ஊருக்குக் கொடுத்து மட்டம் பார்த்துத் தரலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய, பொறியியற் பீடங்களின் மாணவர்க்கு இதைவிட நல்ல களப்பயிற்சி எங்கே கிடைக்கும்? வெளிநாட்டிலிருக்கும் பங்காளிகள் பணம் அனுப்பாவிட்டாலும் குற்றமில்லை, ஒப்பத்தையாவது அனுப்பட்டும்.

கமக்காரப் பெருமக்களுக்கு நாம் கூற விரும்புவது சிறிது. காரியாலயத்துக்குச் செல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. காணியின் வரைபடத்தையும், மழைக் கணக்கையும், அயலவரின் ஒப்பத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு உங்களால் முடியும், எவ்வளவு அரசாங்கம் தரவேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். கொடுத்த விண்ணப்பத்துக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தனியாகச் சென்றால் தட்டிக்கழிப்பார்கள்; கமக்கார அமைப்பாகச் சென்றால் கதிரை போட்டுக் கேட்பார்கள்.

கொடுப்பவன் மனமிரங்கிக் கொடுப்பது பிச்சை. கணக்கைக் காட்டி, தன் பங்கையும் முன்வைத்து, ஊருக்கு விளையும் பயனையும் எடுத்துரைத்துக் கேட்பது உரிமை. அந்த உரிமைக்குச் செவிசாய்க்க ஆட்சியாளருக்கு மனமுண்டா என்பது வரும் வரவுசெலவுத் திட்டத்தில் தெரிந்துவிடும். ஐப்பசி மேகம் எவருடைய அனுமதிக்கும் காத்திராது வந்துவிடும். அதற்குமுன் விண்ணப்பங்கள் நிலையங்களிற் குவியட்டும்.